வாலில் மாடு பூட்டிய விமானம்

அந்தோணியம்மாளுக்கு நான் நாற்பத்தைந்து வெள்ளி கடன்பட்டிருந்தேன். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் காலை வைப்பதற்குச் சற்று முன்பு வாங்கிய கடன். அத்தனையும் ராஜா தலை அச்சடித்த வெள்ளைக்காரன் நோட்டு. இன்றைக்குக் கூலாயில் என் பட்டறைக்கு லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. நான் போனால் பேங்கு மேனேஜர் எழுந்து நாற்காலி இழுத்துப் போடுகிறார். எவ்வளவோ பணம் வந்தது, எவ்வளவோ போனது. ஆனால் அந்த நாற்பத்தைந்து வெள்ளியைப் போல என்னை உட்காரவிடாமல் அடித்த பணம் வேறு கிடையாது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கு வெளியேதான் இருந்தேன். லாயாங் லாயாங் பக்கத்தில் ஆத்துமேட்டு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தவன். ஆசாரி வீட்டுப் பிள்ளை இல்லை. உளியை இப்படிப் பிடி என்று எனக்கு ஒருவரும் காட்டவில்லை. உடைந்து கிடந்த மாட்டுவண்டி ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்தேன், திரும்பக் கோத்தேன், ஓடியது. அதோடு தொழில் வந்துவிட்டது. கல்யாணம் ஆகும் முன்பே அந்த வட்டாரத்தில் ஓடிய வண்டிகளில் பாதி என் கையால் செய்தது. மீதிப் பாதியைப் பழுது பார்த்ததும் நான்தான்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் ஹார்லோ துரை என்னைக் கூப்பிட்டார். அவர் எங்கள் தோட்டத்து மேனேஜர். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். ரப்பர் ஷீட் அடுக்குகிற பழைய ஸ்டோரில் தன் கையாலேயே ஒரு சின்ன விமானம் கட்டிக்கொண்டிருந்தார். மெல்லிய பலகையில் உடம்பு, துணி ஒட்டி வார்னிஷ் பூசிய இறக்கை, மூக்கில் ஒரு இன்ஜின், அதற்கு முன்னால் மரத்தில் செதுக்கிய விசிறி. எல்லாம் முடிந்து, முட்டுக்கு வைத்த மரக்குதிரை மேல் படுத்துக் கிடந்தது. கால் மட்டும் இல்லை.

"அய்யாவு, இதுக்கு ரெண்டு கால் வேணும். தரையில விழுந்தா ஒடையக் கூடாது" என்றார். துரைக்குத் தமிழ் நன்றாக வரும்.

படத்தை விரித்துக் காட்டினார். படம் எனக்குப் புரியவில்லை என்று நான் சொல்லவில்லை. அளவு மட்டும் கேட்டுக்கொண்டேன். கால் மாட்டி விமானம் சொந்தமாக நின்றால் எண்பது வெள்ளி என்று பேச்சு. மரத்துக்கும் இரும்புக்கும் முன்பணம் தரமாட்டார், துரைமார் வழக்கம் அது. அதற்காகத்தான் அந்தோணியம்மாளிடம் போனேன்.

அந்தோணியம்மாள் லாயாங் லாயாங் ஸ்டேஷன் எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த விதவை. ரயில்வேக்காரர்கள், வண்டிக்காரர்கள் எல்லாரும் அவர் இலையில் சாப்பிட்டவர்கள், எல்லாரும் அவருக்குக் கடன்காரர்கள். ஒரு தாளில்கூட எழுதி வைக்கமாட்டார். முகத்தைப் பார்த்தாலே தொகை சொல்லுவார்.

"கோயில்ல மெழுகுவத்தி ஏத்தறதுக்கு வச்சிருந்த காசுடா இது" என்றார் கொடுக்கும்போது.

"பிளேன் நிக்கட்டும் அக்கா, உங்களுக்கு ஒரு பெட்டி மெழுகுவத்தி வாங்கித் தரேன்."

"மொதல்ல நீ நில்லு. அப்பறம் பிளேன் நிக்கட்டும்."

செங்கால் என்று இரும்பு மாதிரி ஒரு காட்டு மரம், அதில் இரண்டு கால் செய்தேன். பட்டை இரும்பு சுற்றி, போல்ட் துளை போட்டு, எண்ணெய் தடவினேன். ஒவ்வொரு காலும் வெளிப்பக்கம் சாய்ந்து, அதோடு ஒரு பக்கமாக ஓட்டம் எடுப்பதுபோல் சரிந்தும் இருக்கும். அந்த மாதிரி வேலை அதற்கு முன்பு ஜொகூரில் எந்தத் தமிழனும் செய்ததில்லை, நான் சொல்கிறேன். காலை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனால் துரை பங்களா திறந்து கிடந்தது. வடக்கே குண்டு விழுகிறது என்று சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். என் எண்பது வெள்ளியும் அவரோடு ஓடியது. கால் இரண்டும் என் கட்டிலுக்கு அடியில் படுத்தன.

பிறகு ஜப்பான் காலம். வாழைமரம் அச்சடித்த நோட்டு வந்தது. முதலில் அதற்கும் மதிப்பு இருந்தது. போகப் போகச் சந்தைக்குக் கூடையில் நோட்டை எடுத்துப் போய் மடியில் கிழங்கு கொண்டு வருகிற நிலைமை ஆயிற்று. அப்போதுதான் எங்கள் ஊரில் ஒரு வேடிக்கை நடந்தது. வருஷக்கணக்காக அந்தோணியம்மாள் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்த கடன்காரர்கள் எல்லாம் அவர் கடையைத் தேடி ஓடி வந்தார்கள். ஒரு முட்டை விலைக்கு இருபது வெள்ளிக் கடனை அடைத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு போனார்கள். வாழைமர நோட்டை வாங்கமாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னால் ஜப்பான் ராணுவப் போலீஸ் கெம்பித்தாய் வாசலில் நிற்க வேண்டும். பாவம், அந்த அம்மாள் கடன்காரன் வருவதைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கொண்டு பின்பக்கம் ஊபி என்கிற மரவள்ளிக் கிழங்குக் கொல்லையில் போய் ஒளிந்துகொள்வார். ஒருவன் சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டி வந்து ஜன்னல் வழியாக நோட்டை உள்ளே வீசிவிட்டுப் போனான்.

நான் அப்படிச் செய்யவில்லை. ஊர் நடுவே நின்று சொன்னேன்: "ராஜா தலையா வாங்கினேன், ராஜா தலையாத்தான் குடுப்பேன்." கேட்டவர்கள் சிரித்தார்கள். வண்டி செய்து செய்து எனக்கு மரை கழன்றுவிட்டதாகச் சொன்னார்கள். சொல்லட்டும். லாயாங் லாயாங்கில் அப்படிச் சொன்ன ஒரே கடன்காரன் நான்தான்.

சொல்வது சுலபமாக இருந்தது. நாற்பத்தைந்தாம் வருஷம் தைப்பூசம் முடிந்த கையோடு அந்தோணியம்மாள் என் வீட்டுக்கு வந்தார். அவர் யார் வீட்டுக்கும் போகிறவர் இல்லை.

"லூசி காலப் பாத்தியா?" என்றார்.

லூசி அவருடைய ஒரே மகள். பதினெட்டு வயது. ஊபி தோண்டும்போது மண்வெட்டி பட்ட காயம். உப்புச் சப்பில்லாத கிழங்கைத் தின்று தின்று ஒருவர் உடம்பிலும் காயம் ஆறுகிற சத்து இல்லை. கணுக்காலில் ஆரம்பித்த புண் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"குளுவாங்குல அந்தப் பழைய ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்கிட்டக் காட்டினேன். எலும்புல பட்டா முழங்காலோட எடுக்கணும்ங்கறாரு. மாத்திரை வச்சிருக்காரு, வெள்ளக்காரன் காலத்து மாத்திரை. ஆனா வாழைமர நோட்டு மூட்டையாக் குடுத்தாலும் வேணாமாம். ராஜா தலை நாப்பது வெள்ளி கேக்கறாரு. ரயிலுக்கு, தங்கறதுக்கு ஒரு அஞ்சு."

"உங்ககிட்ட ஒண்ணுமே இல்லையாக்கா?"

"என்கிட்ட ராஜா தலை வாங்கினவனெல்லாம் வாழைமரத்தத் திருப்பிக் குடுத்துட்டான். எல்லாக் கடனும் செத்துப்போச்சு அய்யாவு. உன் கடன் ஒண்ணுதான் உசுரோட இருக்கு."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் பெட்டியில் வாழைமர நோட்டு நிறைய இருந்தது, ராஜா தலை ஒன்றுகூட இல்லை. பக்கத்து ஊர் ரெங்கத்துக்கு நடந்தேன், லாயாங் லாயாங் கடைத்தெரு முழுக்க ஏறி இறங்கினேன். ராஜா தலையைத் தகரத்தில் போட்டு மண்ணில் புதைத்து வைத்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று சொல்ல முடியாது, சோறே இல்லை. கிழங்கு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் நடந்தேன். என் பெண்டாட்டி சந்திரமதி, "தரை தேயுது, கொஞ்சம் வெளிய போய் நடங்களேன்" என்றாள்.

அந்த நேரத்தில்தான் யூஜின் கிராணி சைக்கிளில் வந்து இறங்கினார். யூஜின் எங்கள் தோட்டத்துக் கணக்கர். துரை ஓடிய பிறகு ஜப்பான்காரனுக்கும் அவரே கணக்கு எழுதினார். நல்ல மனிதர், ஆனால் பயந்த பேர்வழி. வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

"அய்யாவு, மோசம் போச்சு. ஸ்டோர்ல துரை பிளேனப் பாத்துட்டானுங்க."

குளுவாங் விமானத் திடலில் இருந்து வந்த ஒரு அதிகாரி, பழைய விறகு அடுக்குக்குப் பின்னால் விமானத்தைக் கண்டுபிடித்திருக்கிறான். பறக்கவைக்க அல்ல. இன்ஜின் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. மேலே வருகிற வெள்ளைக்காரன் விமானம் பார்த்து ஏமாந்து இதன் மேல் குண்டு போட வேண்டும், நிஜ விமானம் தப்ப வேண்டும். அதற்காகத் திடலில் பொம்மை விமானங்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். இதையும் ரயிலேற்றிக் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமாம். படுத்துக் கிடக்கிற விமானத்தைப் பார்த்து எவனும் ஏமாறமாட்டான்.

"கால் யார் வச்சிருக்கான்னு கேட்டான். சொல்லிட்டேன்யா. ஞாயித்துக்கெழம ரயிலு. அதுக்குள்ள நிக்கணும். இல்லேன்னா ஒன்னயும் என்னயும் சயாமுக்கு ஏத்திருவேன்ங்கறான்."

சயாம் என்றால் போனவர் திரும்பாத ரயில்பாதை. எனக்கு முதலில் தோன்றியது என் உயிர் இல்லை. நான் சயாமுக்குப் போனால் அந்த ஒரு கடனும் செத்துப்போகும், லூசியின் கால் போகும். அந்தோணியம்மாளுக்கும் அதே கணக்குத்தான் தோன்றியிருக்கிறது. மறுநாள் காலையில் நான் கால் இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டோருக்குப் போனால், எனக்கு முன்பே அவர் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அவித்த ஊபிப் பொட்டலம்.

"இங்க என்னக்கா?"

"என் நாப்பத்தஞ்சு வெள்ளிக்குக் காவல். நீ வேலயப் பாரு. பசிச்சா கேளு. கையக் காலக் கீறிக்காத."

யூஜின் கிராணி துரையின் பூட்டிய பின்னறையைத் திறந்து இரண்டு சக்கரம் கொண்டுவந்தார். மோட்டார் சைக்கிள் சக்கரம். துரை சிங்கப்பூரில் வாங்கி வைத்தது, டயர் புத்தம் புதிது. அந்த அறை ஜப்பான்காரன் கணக்கில் ஏறவே இல்லை.

இப்போது வேலையைச் சொல்கிறேன். வண்டி கட்டுகிறவனுக்கு அச்சு எங்கே உட்கார வேண்டும் என்பதுதான் உயிர். பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும். அப்போதுதான் ஏர்க்கால் மாட்டின் கழுத்தில் அமரும். பாரம் பின்னால் போனால் ஏர்க்கால் தூக்கிக்கொண்டு மாடு கழுத்து நெரிந்து திணறும். முன்பாரம் இல்லாத வண்டி வண்டியே இல்லை. நான் செய்த காலோ சரிந்த கால். ஒரு பக்கம் மாட்டினால் சக்கரம் முன்னே போகும், இடதை வலதாக்கித் திருப்பினால் சக்கரம் பின்னே வரும். போல்ட் துளை இரண்டுக்கும் ஒத்துவரும். துரையின் படத்தைக் கறையான் தின்றுவிட்டது. எனக்குத் தயக்கமே இல்லை. சக்கரத்தைப் பின்னால் தள்ளி மாட்டினேன், முன்பாரத்துக்காக.

ஆள் வைத்துத் தூக்கி மரக்குதிரையை உருவினோம். ஒரு மூச்சு நின்றது. பிறகு விமானம் கும்பிடு போடுவதுபோல் மூக்கில் விழுந்தது. வால் மேலே எழும்பிக் கூரைத் தகரத்தை இடித்தது. விசிறியில் ஒரு இதழ் முறிந்து யூஜின் கிராணி காலடியில் போய் விழுந்தது.

"அலமாக்!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார் கிராணி.

அந்தோணியம்மாள் முக்காலியை விட்டு எழவில்லை. "சாஷ்டாங்கமா விழுந்து சேவிக்குது. உன்ன மாதிரி இதுக்கும் நிக்கத் தெரியலயாடா?"

"அக்கா, கொஞ்சம் வாய மூடுங்க."

"நான் மூடிருவேன். ஜப்பான்காரன் மூடுவானா?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என் கணக்கு தப்பாது. எத்தனை வண்டி நிறுத்தியவன் நான்! ஸ்டோரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வெயில் ஏறியது. உள்ளே போய்க் காலைத் தடவுவேன், வெளியே வருவேன். கிராணி தன் கைக்கடிகாரத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. அதுவும் டோக்கியோ நேரம் காட்டுகிற கடிகாரம், எப்போதும் நம்மை முந்திக்கொண்டு ஓடும்.

அப்போது சின்னத்தம்பி வந்தான். ஊபி மூட்டை இழுக்கிற வண்டிக்காரன், என்னிடம் வண்டி வாங்கியவன். வாசலில் நிறுத்தி மாட்டை அவிழ்த்தான். மாடு விலகியதும் ஏர்க்கால் வழக்கம்போல் தரையில் போய் ஊன்றிக்கொண்டது. வண்டி அசையாமல் நின்றது. இரண்டு சக்கரம், ஒரு ஏர்க்கால்.

நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். விமானத்துக்கும் இரண்டு சக்கரம்தான். மூன்றாவதாகத் தரையில் ஊன்றப் போவது எது? மூக்கா? மூக்கில் விசிறி சுற்ற வேண்டும். ஊன்றப் போவது வால்! அப்படியானால் ஏர்க்கால் வால்தான். மாடு நிற்கிற இடம் பின்பக்கம். வண்டிக்கு எது முன்னோ அது விமானத்துக்குப் பின். நான் விமானத்தின் முகத்தைப் பார்த்து அந்தப் பக்கம் மாடு கட்டியிருந்தேன். கால் செய்த எனக்கே தெரியவில்லையென்றால் குறை என்னிடம் இல்லை, மாடு பூட்ட இடம் காட்டாத சாமானில்தான் குறை.

"கழட்டுடா!" என்று கத்தினேன். எனக்கு நானே கத்திக்கொண்டேன்.

இடது காலை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினேன். சக்கரம் முன்னே வந்தது. மரக்குதிரையை உருவியதும் விமானம் மெல்ல வாலை இறக்கித் தரையில் வைத்து, மூக்கை மேலே தூக்கி நின்றது. குலுக்கிப் பார்த்தேன். சின்னத்தம்பியை ஏறி உட்காரச் சொன்னேன். செங்கால் மரம் முனகக்கூட இல்லை. முறிந்த விசிறி இதழுக்குப் பலகையில் ஒன்று செதுக்கி ஒட்டினேன், பொம்மைக்கு அது போதும்.

"நின்னுருச்சுக்கா."

"நின்னுச்சு. என் காசு எங்க நிக்கிது?"

அங்கேதான் மறுபடியும் முட்டியது. அதிகாரி கொடுத்தால் வாழைமர நோட்டுத்தான் கொடுப்பான். என் உயிர் தப்பியது, லூசியின் கால் தப்பவில்லை. லூசிக்கு முந்தின நாள் குளிர்க்காய்ச்சலும் வந்துவிட்டதாக அந்தோணியம்மாள் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த ஜெபமாலை மணியைப் பார்த்துச் சொன்னார்.

நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். புது டயர். நாடு முழுக்க டயருக்கு நாய் படாத பாடு. லாயாங் லாயாங்கில் ஊபி மாவு மில் வைத்திருந்த சீன முதலாளி லிம் தவுக்கே தன் தள்ளுவண்டிகளுக்கு வைக்கோல் பிரி சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ராஜா தலை உண்டு என்று ஊருக்கே தெரியும், யாருக்கும் காட்டமாட்டார். இந்தச் சக்கரத்துக்குக் காட்டுவார். துரை எனக்கு எண்பது வெள்ளி தர வேண்டும். துரையின் சக்கரம் என் சக்கரம். இதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

"கிராணியாரே, இந்தச் சக்கரத்த நான் எடுத்துக்கறேன். மரத்துல வேற ரெண்டு செஞ்சு மாட்டிடறேன்."

யூஜின் முகம் வெளுத்துவிட்டது. "பைத்தியமா லா நீ? டயரத் திருடினா தல போயிரும். ஒன் தல மட்டுமில்ல, சாவி என்கிட்ட இருந்துச்சு!"

"அவன் கணக்குல இல்லாத சக்கரம்தானே?"

"தொட்டுப் பாத்தான்னா? நான் புள்ளகுட்டிக்காரன். முடியாது, முடியவே முடியாது."

அந்தோணியம்மாள் அப்போதுதான் முக்காலியிலிருந்து எழுந்தார். குரல் உயரவில்லை.

"கிராணியாரே, லூசிக்கு ஞானஸ்நானம் குடுக்கறப்ப மெழுகுவத்தியப் புடிச்சுக்கிட்டு நின்னது யாரு?"

"அது... நான்தான்."

"பெத்தவன் இல்லாமப் போனா நான் இருக்கேன்னு சாமியார் முன்னால சொன்னது?"

"அந்தோணியம்மா, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு..."

"அவ அப்பா போய்ச் சேந்துட்டாரு. ஞானத்தகப்பன் நீங்க இருக்கீங்க. ஒரு காலோட அவ கோயிலுக்கு நொண்டிக்கிட்டு வரட்டும். நீங்க மொத வரிசையில உக்காந்து பாருங்க."

 கிராணி பின்னறைச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி என் கையில் வைத்தார். "கழட்டினத உள்ள வச்சுப் பூட்டு. செய்யறதச் சீக்கிரம் செய்யி. எனக்குத் தெரியாது. நான் பாக்கல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகவும் இல்லை. வாசலில் நின்று காவல் பார்த்தார்.

கெட்டிப் பலகையை வட்டமாக அறுத்தேன். விற்க வழியின்றி அடுக்கிக் கிடந்த புகைபோட்ட ரப்பர் ஷீட்டைப் பட்டை பட்டையாக வெட்டி, விளிம்பில் சுற்றிச் சுற்றி இறுக்கினேன். ரப்பர் பாலில் அடுப்புக்கரி குழைத்துப் பூசினேன். நடுவில் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டி மூடி போட்டேன். பார்த்தால் சிங்கப்பூர் சாமான் மாதிரியே இருந்தது. என் கைக்கு அப்படி ஒரு ராசி.

ஞாயிற்றுக்கிழமை அதிகாரி வந்தான். விமானத்தைச் சுற்றி வந்தான். இறக்கையைத் தட்டினான். காலை உதைத்துப் பார்த்தான், நன்றாக உதைத்தான். பிறகு குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலால் டயரை அழுத்தினான். யூஜின் கிராணி என் முதுகுக்குப் பின்னால் ஜெபம் சொல்கிற சத்தம் கேட்டது. ரப்பர் ஷீட் எத்தனை சுற்று! விரலுக்கு லேசாக உள்வாங்கி மறுபடி எழும்பியது. அதிகாரி எழுந்தான்.

"ஸ்டேஷன் வரைக்கும் போகுமா? பொலே?" என்று மலாயில் கேட்டான்.

"பொலே, துவான்."

"எதில் இழுப்பாய்?"

சின்னத்தம்பியின் மாடுகளைக் கொண்டுவந்து வாலில் நுகத்தடி கட்டிப் பூட்டினேன். கூட வந்த சிப்பாய்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். முகம் பின்னால் பார்த்தபடி விமானம் தோட்டத்துச் செம்மண் சாலையில் புறப்பட்டது. அச்சு ஒரு இம்மி ஆடவில்லை. அதிகாரி என் கையில் ஒரு கட்டு வாழைமர நோட்டைத் திணித்தான். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

லயத்து வீடுகளிலிருந்த ஜனம் முழுவதும் சாலையில் கூடிவிட்டது. கண் எல்லாம் விமானத்தில். பின்னால் சின்னத்தம்பியின் மாமன் ஒருவனுடைய வண்டியில் ஊபி மூட்டைகள் வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டு மூட்டைக்குள் ஊபி இல்லை.

நான் ஊர் முனையில் கழன்றுகொண்டேன். தவுக்கே மில்லின் பின்கட்டில் மூட்டையை அவிழ்த்தேன். லிம் தவுக்கே டயரை மோந்து பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார்.

"எவ்வளவு?" என்றார்.

வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்தேன். நூறில் ஆரம்பித்து எண்பதில் நிற்பது என்று. ஆனால் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது. லூசியைத் தூக்கிக்கொண்டு அந்தோணியம்மாள் அந்த ரயிலுக்குத்தான் போயிருந்தார், விமானம் ஏறுகிற அதே ரயில். வாயில் வேறு எண் வரவில்லை.

"நாப்பத்தஞ்சு. ராஜா தலை."

தவுக்கே என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேரம் பேசவே இல்லை. உள்ளே போய் ஒரு தகர டப்பாவோடு வந்தார். அவர் பேசாமல் கொடுத்த அந்த நொடியில் நான் எவ்வளவு விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. இன்றுவரை பேரத்தில் நான் தோற்ற இடம் அது ஒன்றுதான். வாங்கியதை இடுப்பில் செருகி ஓடினேன்.

ஸ்டேஷனில் ஜனம் முன்பக்கம் குவிந்திருந்தது. ரயிலின் திறந்த தட்டுவண்டியில் விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் காலில் அது நெஞ்சு நிமிர்ந்து நின்றது. நின்று பார்க்க ஆசை. நேரமில்லை. ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினேன். கடைசிக்கு முந்தின பெட்டியில் லூசி பலகையில் படுத்திருந்தாள். துணி சுற்றிய கால், உதடு காய்ந்து வெடித்திருந்தது. அந்தோணியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"காசு இல்லாமலே ஏறிட்டீங்களாக்கா?"

"நீ வருவேன்னுதான் ஏறினேன். எடு சீக்கிரம்."

பத்தடி தள்ளி ஒரு சிப்பாய் துப்பாக்கியை ஊன்றி நின்றான், ராஜா தலையைக் கண்டால் விடமாட்டான். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து, மாட்டுச் சந்தையில் விலை பேசுகிற மாதிரி ஜன்னல் கட்டையில் போட்டேன். அதற்கு அடியில் அந்தோணியம்மாள் கையை விரித்து நீட்டினார். கரண்டி பிடித்துக் காய்த்துப்போன கை, சூடாக இருந்தது. ரயில் ஊதியது. பெட்டி ஒருமுறை குலுங்கியது.

"சும்மா திணிக்காத. எண்ணிக் குடு" என்றார்.

"நேரமில்லக்கா!"

"எண்ணுடா. இது உன் கடன்."

சக்கரம் உருள ஆரம்பித்தது. நான் ஜன்னலோடு சேர்ந்து நடந்தேன். துண்டுக்கு அடியில் தடவித் தடவி வைத்தேன். "பத்து. இருவது. முப்பது." நடை ஓட்டமாயிற்று. "முப்பத்தஞ்சு. நாப்பது." கை மூடவில்லை, அப்படியே விரிந்து காத்திருந்தது. பிளாட்பாரம் முடிகிற இடத்துக் கம்பி வேலி கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு வெள்ளி நோட்டுகள் வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எச்சில் தொட்டுப் பிரித்தேன். "நாப்பத்தொண்ணு, ரெண்டு, மூணு, நாலு." துண்டு காற்றில் பறந்து போயிற்று. மறைக்க ஒன்றும் இல்லாமல் கடைசி நோட்டை அந்தத் திறந்த கையில் வைத்தேன். "நாப்பத்தஞ்சு."